தங்கவயலின் கல்தூசி

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொன்னை அளவுகோலாகக் கொண்டே எழுதியுள்ளனர். நூற்றிருபது ஆண்டுகளில் அங்கிருந்து சுமார் 800 டன் பொன் எடுக்கப்பட்டது என்பர். அந்தக் கணக்கு சரியே. ஆனால் ஒவ்வொரு டன் பாறையிலும் சில கிராம் பொன்னே இருந்தது, மற்றவையெல்லாம் கல். அந்தக் கல்லைத் துளைத்தும், வெடித்தும், இடித்தும், மாவாக்கியும்தான் பொன்னைப் பிரிக்க வேண்டியிருந்தது. பொன் கப்பலேறிச் சென்றது. கல்மாவின் ஒரு பங்கு ஊரிலேயே மேடாகத் தங்கிற்று. கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பங்கு, துளைத்தவர்களுடைய மார்புக்குள் தங்கிற்று. இந்த இரண்டாவது பங்கைப் பற்றியதே இக்கட்டுரை.

தங்கவயல் பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1802-ஆம் ஆண்டிலேயே லெப்டினன்ட் ஜான் வாரன் என்னும் நில அளவை அதிகாரி, உரிகம், மாரிக்குப்பம் ஆகிய சிற்றூர்களில் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1870-களில் பெங்களூர்க் கன்டோன்மென்டில் வாழ்ந்த மைக்கேல் லவெல் என்னும் ஓய்வுபெற்ற சிப்பாய், மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்டும் உரிமை பெற்றார். பெங்களூரில் இன்று செல்வர் வாழும் லவெல் சாலை அவர் பெயரால் வழங்குவதே. அவரால் முதலீட்டுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் என்னும் வளமான பொன்நரம்பு அகப்பட்டது. அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்னும் நான்கு பெருஞ்சுரங்கங்கள் ஓங்கின. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் முதலில் சென்றதும் இச்சுரங்கங்களுக்கே. பெங்களூர் நகரத்துக்கு அது வந்தது 1905-இல். அரசின் கண்ணுக்கு எது முக்கியமாகத் தோன்றியது என்பது இதனால் விளங்கும்.

மேற்பார்வையாளரில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத்தார். ஆழத்தில் இறங்கிப் பாறையோடு மல்லுக்கு நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்தனர். நிலமற்றோர், சாதிக்கொடுமையினின்று தப்ப விழைந்தோர், பஞ்சத்தால் ஊர்விட்டோர் எனப் பலவகையினர் அவர்கள். கூலி கையில் ரொக்கமாக விழுந்தது. ஊர்ப் பண்ணையாரின் கண் இங்கே எட்டவில்லை. ஆகவே தங்கவயலை வெறும் துயரத்தின் இடமாகச் சித்திரிப்பது பொருந்தாது. மாரிக்குப்பத்தில் அயோத்திதாச பண்டிதர் வழிவந்த பௌத்த சங்கம் தழைத்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் நின்றுபோன பின், 1926-இல் பண்டித அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்துதான் மறுபடியும் வெளிவந்தது. வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு, அவ்வாறு வாழ்ந்து தமக்கென ஒரு கல்வியையும் கௌரவத்தையும் தேடிக்கொண்ட முன்னோர் இவர்கள் என்பது நினைவில் இருக்க வேண்டும். அப்படி நிமிர்ந்து நின்ற மனிதரைத்தான் தூசி சாய்த்தது.

அந்தத் தூசியின் இயல்பைச் சற்று விளக்குவோம். தங்கவயலில் பொன் கிடந்தது குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லின் நரம்புகளில். குவார்ட்ஸ் என்பது முற்றிலும் சிலிக்கா. ஆற்று மணலின் உயிர்ப்பொருளும் அதுவே. ஆற்று மணலை நாம் மிதிக்கிறோம், சலிக்கிறோம், குழந்தைகள் அதில் வீடு கட்டி விளையாடுகின்றன; தீங்கில்லை. ஏனெனில் மணல்மணி பெரியது. ஆனால் அக்கல்லைப் புதிதாக உடைக்கும்போது, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவான நுண்துகள்கள் பிறக்கின்றன. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இரா. பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். இந்த நுண்துகளோ மூச்சுக்குழாயின் கடைசிக் கிளையையும் கடந்து காற்றறைகளைச் சென்றடைகிறது. அங்கே காவற்காரராக இருக்கும் அணுக்கள் அதனை விழுங்குகின்றன, விழுங்கிய அணு மடிகிறது, துகள் மடிவதில்லை. அது மீண்டும் வெளிப்பட, மற்றோர் அணு விழுங்கி மடிகிறது. இவ்வாறு மாண்ட இடமெல்லாம் தழும்பாகிறது. பல ஆண்டுகளில் நுரையீரல் விரிந்து சுருங்கும் தன்மையை இழந்து தடித்துப்போகிறது. இதுவே சிலிகோசிஸ். தழும்பேறிய நுரையீரலைக் காசநோய்க் கிருமி எளிதில் பற்றிக்கொள்கிறது. இந்தத் தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை இல்லை.

சுத்தியலும் உளியும் கொண்டு கையால் துளையிட்ட காலத்தில் தூசி எழுந்தது. ஆனால் மெதுவாக எழுந்தது. அழுத்திய காற்றால் இயங்கும் துளைப்பொறி வந்தபோது வேலை பன்மடங்கு விரைந்தது. தூசியும் பன்மடங்காயிற்று, முன்னைவிட நுண்ணியதாகவும் ஆயிற்று. பொறியின் வரலாற்றில் இந்த உண்மை அடிக்கடி மறக்கப்படுகிறது. ஒரு கருவி மனிதனின் கைவலியைக் குறைக்கும் அதே நொடியில் அவன் மூச்சின் மீது புதிய சுமையை ஏற்றிவிடலாம்.

இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலாவின் சுரங்க நூல் 1556-இல் வெளிவந்தது. கார்ப்பேத்திய மலைச் சுரங்கங்களில் ஏழு கணவரை அடுத்தடுத்து இழந்த பெண்கள் இருந்ததாக அவர் அதில் குறித்திருக்கிறார். தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலியர் ராமஸ்ஸீனி, 1700-இல் வெளியிட்ட தம் நூலில் கல்தச்சரின் மூச்சு நோயைப் பற்றி எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கத்திக்கும் முள்கரண்டிக்கும் பேர்போன ஷெஃபீல்டு நகரில், சுழலும் மணற்கல் சக்கரத்தில் எஃகைத் தீட்டிய தொழிலாளர் இளமையிலேயே இறந்தனர். அவர்களுள்ளும் ஒரு வேறுபாடு காணப்பட்டது. சக்கரத்தை நீரில் நனைத்துத் தீட்டியவர் சற்று நீண்ட நாள் வாழ்ந்தனர். முள்கரண்டி தீட்டுவோர் உலர்ந்த சக்கரத்தில் தீட்டியதால் விரைவில் மாண்டனர். ஈரம் உயிர் காக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் இச்சான்று ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்துக்குச் செல்ல இரண்டு தலைமுறை பிடித்தது.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பொற்சுரங்கங்களில் வேலை செய்துவிட்டுக் கார்ன்வாலுக்குத் திரும்பிய ஆங்கிலேயச் சுரங்கத்தார் கொத்துக்கொத்தாக இறக்கத் தொடங்கியபோதுதான் அதிகாரத்தில் இருந்தோர் விழித்தனர். 1902-இல் டிரான்ஸ்வாலில் விசாரணைக் குழு அமர்ந்தது. ஜே. எஸ். ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞரும் அவருடன் சேர்ந்தோரும் 1904-இல் கார்ன்வால் சுரங்கத்தாரின் உடல்நிலை பற்றி அறிக்கை அளித்தனர். கல்தூசியே குற்றவாளி என்பது ஐயமற நிறுவப்பட்டது. மாற்றுவழியும் ஆயத்தமாகவே இருந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜான் ஜார்ஜ் லேனர் என்பவர், நடுவே துளையுள்ள உருக்குக் கம்பி வழியாக நீரைச் செலுத்தும் துளைப்பொறியை 1890-களிலேயே அமைத்திருந்தார். கம்பியின் நுனியில், தூசி பிறக்கும் இடத்திலேயே, நீர் அதனைச் சேறாக்கிவிடும். பிறந்த பின் துரத்துவதினும் பிறக்குமிடத்தில் பிடிப்பதே அறிவு என்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது. 1930-இல் உலகத் தொழிலாளர் நிறுவனம் ஜோகன்னஸ்பர்க்கில் சிலிகோசிஸ் பற்றி ஒரு மாநாடு கூட்டியது. 1934-இல் அந்நிறுவனத்தின் நட்ட ஈட்டு உடன்படிக்கையில் இந்நோய் சேர்க்கப்பட்டது.

தங்கவயலிலும் அதே குவார்ட்ஸ், அதே பொறி, அதே கார்ன்வால் மேற்பார்வை. ஆயினும் இங்கே நோய் அதன் சொந்தப் பெயரால் அழைக்கப்பட 1930-கள் வரையில் காத்திருக்க நேர்ந்தது. மைசூர் அரசு 1940-இல் சிலிகோசிஸுக்கான விதிகளை இயற்றி நட்ட ஈட்டுக்கு வழி செய்தது. 1940 முதல் 1946 வரையில் 7,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர் சோதிக்கப்பட்டனர். அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் நோயின் அடையாளம் காணப்பட்டது. இம்முடிவுகள் 1947-இல் வெளியாயின. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி எழுதும் மருத்துவர் இன்றும் இந்த ஆய்விலிருந்தே தொடங்குகின்றனர். அதனை நடத்தியோருள் ஒருவர் சுரங்க மருத்துவராக இருந்த கேப்லன். அவர் பின்னர் வேல்ஸ் நாட்டுக்குச் சென்று, மூட்டுவாதமுள்ள நிலக்கரித் தொழிலாளரின் நுரையீரலில் தோன்றும் ஒருவகைக் கட்டிகளை 1953-இல் விவரித்தார். அது இன்று மருத்துவ நூல்களில் கேப்லன் நோய் என்று அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய கண் பழகியது தங்கவயல் தமிழரின் எக்ஸ்ரே படங்களில் என்பதை அந்நூல்களைப் படிக்கும் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

பத்தில் நால்வர் என்னும் கணக்கும் முழுமையானதாக இருக்க இயலாது. நோய் முற்றப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். வேலையை விட்ட பின்னும் அது வளரும். உடல் தளர்ந்தவன் ஊருக்குத் திரும்பிவிடுவான். திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அவன் இருமி இளைத்து இறந்தால், அங்குள்ளோர் அதனைக் காசம் என்றே சொல்வர். சுரங்கத்தின் பதிவேட்டில் அவன் வேலைவிட்டவன். ஊரின் பதிவேட்டில் அவன் காசநோயாளி. எந்த ஏட்டிலும் அவன் தூசியால் இறந்தவன் அல்லன்.

இங்கே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு உரிமையுள்ளதே. சிலிகோசிஸ் என்னும் சொல்லுக்குத் தமிழில் மணல்நோய், கல்தூசி நோய், துகள்படிவு நோய் என்றெல்லாம் பெயர் சூட்டலாம். ஒவ்வொன்றும் அழகானதே. ஆனால் மருத்துவச் சான்றில் காசநோய் என்று எழுதினால் அது ஒருவனுடைய தலைவிதி. சிலிகோசிஸ் என்று எழுதினால் அது அவன் முதலாளியின் பொறுப்பு. ஒரு சொல்லால் ஒரு குடும்பத்துக்கு நட்ட ஈடு கிடைக்கிறது, அல்லது கிடைக்காமற் போகிறது. ஆதலின் இச்சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே ஒவ்வொரு தொழிலாளியின் நாவிலும் பழக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தூய தமிழ் வேண்டுவோர் பொறுத்தருள்க.

ஈரமாகத் துளைப்பது எளிய மருந்து என்று சொன்னோம். ஆழச் சுரங்கத்தில் அது அவ்வளவு எளிதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் மேல் ஆழ்ந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அங்கே நீரைத் தெளித்தால் காற்று ஈரம் ஏறிப் புழுங்கும், வியர்வை உலராது, மனிதன் சூட்டால் மயங்கி விழுவான். ஆகவே நீரோடு காற்றோட்டமும், குளிர்விக்கும் ஏற்பாடும் ஒன்றையொன்று தழுவி வரவேண்டியிருந்தது. வெடித்தபின் புகையும் தூசியும் அடங்கும்வரை எவரும் அங்கே செல்லாதிருப்பது மற்றொரு காப்பு. கூலி வேகத்தைப் பொறுத்திருக்கும் இடத்தில் இக்காத்திருப்பு எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

சுதந்தரத்துக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் அறிவிக்கத்தக்க நோய்களுக்கு வழி வகுத்தது. தங்கவயல் சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் வந்து, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனமாயின, 2001-இல் மூடப்பட்டன. பெங்களூரில் 1977-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தென்மண்டலத் தொழில்சார் நலமையம் தொடங்கப்பட்டது.

சுரங்கம் மூடியது, ஆனால் தூசி ஊர் மாறிற்று. மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காரப்பேட்டையிலிருந்தும் நாள்தோறும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருவோர் ஆயிரக்கணக்கினர். சுரங்கத்தாரின் பிள்ளைகளும் பேரர்களும் அவர்களுள் உள்ளனர். அவர்களோடு கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்து வந்த தமிழரும் கட்டட வேலையிலும், கிரானைட் அறுக்கும் வேலையிலும், மரவேலையிலும், வர்ணம் பூசும் வேலையிலும் இருக்கின்றனர். ஜிகணிப் பக்கம் சென்றால் கிரானைட் பட்டறைகளைக் காணலாம். கிரானைட்டிலும் அதே சிலிக்கா உண்டு. சுவர்க்காரையிலும் கான்கிரீட்டிலும் மணல் உண்டு. கையில் பிடித்துச் சுழற்றும் கிரைண்டரும், மின்சாரத் தேய்ப்புப் பொறியாகிய சாண்டரும் இன்று சிறு மேஸ்திரியிடமும் உள்ளன. உப்புத்தாளைக் கையால் தேய்த்த நாளில் ஒரு சுவரில் எழுந்த தூசியை, இப்பொறி சில நிமிடத்தில் எழுப்பிவிடுகிறது. துளைப்பொறி தங்கவயலுக்கு வந்த கதை ஒவ்வொரு தளத்திலும் சிறிய அளவில் மீண்டும் நடக்கிறது.

கல்தூசி ஒன்றே பகை என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தின் ஹை விகம் என்னும் நாற்காலி செய்யும் ஊரில், எஸ்மி ஹாட்ஃபீல்டு என்னும் காது மூக்கு மருத்துவர், மரவேலைக்காரரிடையே மூக்கினுள் ஓர் அரிய புற்றுநோய் மிகுதியாக இருப்பதை 1960-களில் கவனித்தார். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளை 1995-லும், நுண்சிலிக்காவை 1997-லும் புற்றுநோய் உண்டாக்குவன என்று வகைப்படுத்தியது. மரம் மென்மையானது, மணமுள்ளது என்பதால் அதன் தூள் குற்றமற்றதாகிவிடாது. பழைய வீட்டுக் கதவின் எண்ணெய் வர்ணத்தைத் தேய்த்து எடுப்போருக்கு ஈயம் என்னும் வேறொரு ஆபத்து உண்டு. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் இந்திய விதி 2016-இல் செய்யப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும் என்று கொள்வதே பாதுகாப்பு. அத்தூசி தொழிலாளியின் சட்டையோடு வீட்டுக்குச் சென்று, தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் சேரும்.

அண்மைய ஆண்டுகளில், சமையலறை மேடைக்கு என்று குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு இறுக்கிச் செய்யும் செயற்கைக் கற்பலகை உலகெங்கும் பரவிற்று. அதில் சிலிக்கா நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேலும் இருப்பதுண்டு. அதனை உலர்வாக அறுத்தும் தேய்த்தும் வந்த இளம் தொழிலாளர் சில ஆண்டுகளிலேயே நோயுற்றனர். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அப்பலகையையே தடைசெய்துவிட்டது. தங்கவயல் மனிதன் இருபது ஆண்டில் பெற்ற நோயை இவர்கள் ஐந்து, பத்து ஆண்டில் பெற்றனர்.

காக்கும் வழி லேனரின் காலத்திலிருந்து பெரிதும் மாறவில்லை. கல்லையும் காரையையும் அறுக்கும்போது வெட்டும் இடத்தில் நீர் ஒழுக வேண்டும். அதற்கேற்ற பொறியும், மின்கசிவைத் துண்டிக்கும் காப்பும் அவசியம். சாதாரண மின்பொறியின் மேல் வாளியால் நீரூற்றுவது உயிருக்கு உலை வைப்பதாகும். மரத்துக்கும் சுவர்ப் பட்டிக்கும் நீர் உதவாது. அங்கே பொறியோடு இணைந்த உறிஞ்சி வேண்டும். அதன் வடிகட்டி நுண்துகளையும் பிடிக்கும் தரமுடையதாக இல்லாவிடில், முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் ஊதிவிடும். பொறியுடன் வரும் சிறு துணிப்பை மரச்செதிளைப் பிடிக்குமே தவிர, நோய் தரும் நுண்துகளுக்கு அது திறந்த வாசல். வாயில் கட்டும் கைக்குட்டையும் துண்டும் அத்தகையனவே. என்95 என்று முத்திரையிட்ட முகமூடி, முகத்தோடு இடைவெளியின்றிப் படிந்தால் உதவும். தாடி இருந்தால் படியாது. முகமூடி கடைசிக் காப்பு என்பதையும், நீரோ உறிஞ்சியோ இல்லாத இடத்தில் அதை மட்டும் கொடுத்து அனுப்புவது நியாயமாகாது என்பதையும் ஒப்பந்தக்காரர் உணர வேண்டும்.

மாலையில் வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுவதும், காற்றுக் குழாயால் சட்டையை ஊதிக்கொள்வதும் பகலெல்லாம் அடங்கியிருந்த தூசியை மறுபடி எழுப்பும் செயல்கள். ஈரத் துணியால் துடைக்கலாம். நீர் தெளித்து வழிக்கலாம். வேலைச் சட்டையைத் தளத்திலேயே மாற்றி, தனியே துவைக்க வேண்டும். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ வந்து மருத்துவரிடம் செல்லும்போது, இத்தனை ஆண்டு கல் அறுத்தேன், இன்ன பொறி பிடித்தேன் என்பதைக் கேட்காமலே சொல்ல வேண்டும். மருத்துவர் தாமாகக் கேட்பது அரிது. கேளாவிட்டால் மறுபடியும் ஏட்டில் காசம் என்றே விழும்.

தங்கவயலில் சயனைடு மேடுகள் என்று மக்கள் அழைக்கும் கழிவுக் குன்றுகள் பதின்மூன்று உள்ளன. பொன் எடுத்த பின் எஞ்சிய அக்கல்மாவு மூன்று கோடி டன்னுக்கும் மேல் என்பது கணக்கு. கோடையில் காற்று வீசினால் அது இன்றும் ஆண்டர்சன்பேட்டை வீடுகளின் திண்ணையில் வந்து படிகிறது. அதில் மிச்சமுள்ள பொன்னை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. அம்மேடுகளைத் தோண்டும்போது, எவ்வளவு பொன் கிடைக்கும் என்பதோடு, எவ்வளவு நீர் தெளிக்கப்படும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டிய எண்களில் ஒன்று.